ஈரலில் பிறக்கும் விஷம்

விஷச்சாராயச் சாவுகளைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதும் செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிற சங்கதி ஒன்று உண்டு. மெத்தனால் என்னும் திரவம், தொண்டைக்குள் இறங்குகிற அந்த நிலையில், அப்படியொன்றும் கொடிய விஷமன்று. அதைக் குடித்தவன் லேசான போதையோடு வீடு போய்ச் சேர்ந்து, உண்டு உறங்கி, பல சமயங்களில் மறுநாள் காலையில் எழுந்து வேலைக்குப் புறப்படவும் கூடும். அவனைக் கொல்லப்போகும் பொருள் அவன் குடித்த பாக்கெட்டில் இருக்கவில்லை. அவனுடைய ஈரலிலே, அவன் தூங்குகிற வேளையில், அவனைக் காப்பதற்கென்றே இயற்கை அமைத்துவைத்த நொதிகளின் மூலமாக, அது சிறுகச் சிறுகத் தயாராகிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை நம்முடைய அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் செய்தியாளர்களும் மனத்தில் இருத்திக்கொண்டிருப்பார்களேயானால், கடந்த சில ஆண்டுகளில் நாம் சுமந்த பாடைகளில் சில குறைந்திருக்கும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 18-ஆம் தேதி பாக்கெட் சாராயம் விற்கப்படுகிறது, அதைக் குடித்தவர்கள் வாந்தி என்றும், வயிற்று வலி என்றும், கண் மங்குகிறதென்றும் மறுநாளைக்குள் ஒருவர் பின் ஒருவராக விழத் தொடங்குகிறார்கள், சாவும் நேர்கிறது. அந்த முதற் சாவுகள் சாராயத்தால் நேர்ந்தவை என்று உறுதிப்படவில்லை, வேறு நோய்கள் காரணமாயிருக்கலாம் என்று மாவட்ட நிர்வாகத்தின் தரப்பிலிருந்து முதலில் சொல்லப்பட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர், வந்த இடத்தில் அதே சாராயத்தைக் குடித்து அவர்களும் மாண்டதாகச் செய்திகள் கூறின. ஆய்வுக்கூடம் மெத்தனால் என்று உறுதி செய்தபின், ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலுமாக 200-க்கு மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டு, அவர்களில் 65-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த முதல் மறுப்பைப் பற்றி அரசியல் மேடைகளில் பேசவேண்டியதெல்லாம் பேசி முடித்தாயிற்று. அதை ரசாயனத்தின் கண்கொண்டு பார்த்தவர்கள் அதிகம் பேரில்லை. பார்த்தால்தான் அந்த மறுப்பின் முழு விபரீதமும் புலப்படும்.

மெத்தனாலும், மதுக்கடைச் சரக்கில் இருக்கிற எத்தனாலும் ரசாயனத்தில் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. முன்னதில் ஒரு கரி அணு, பின்னதில் இரண்டு, அவ்வளவுதான் பேதம். பார்வைக்கும் மணத்துக்கும் நாவுக்கும் அந்த பேதம் பிடிபடாது. மரத்தைக் காற்றுப் படாமல் சுட்டு வடித்தெடுத்த காலத்தில் இதற்கு மரச்சாராயம் என்று பெயர். இன்று இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் பெருந்தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கான டன் அளவில் இதைத் தயாரித்து, பிசினுக்கும் பெயின்டுக்கும் தின்னருக்கும் மருந்து உற்பத்திக்கும் பயன்படுத்துகிறார்கள். ஆகவே அது எங்கும் கிடைக்கிறது, மலிவாகவும் கிடைக்கிறது. கல்வராயன் மலையில் வெல்லத்தையும் வேலம்பட்டையையும் பானையில் போட்டு ஊறல் வைத்துக் காய்ச்சுகிறவன், சட்டத்தின் கண்ணுக்குக் குற்றவாளிதான். ஆனால் வெல்லத்தின் சர்க்கரையை நுண்ணுயிர் எத்தனாலாகத்தான் மாற்றுமேயன்றி, ஒரு தெருவையே சாய்க்கத்தக்க மெத்தனாலாக மாற்றாது. பழத்தோலில் உள்ள பெக்டின் போன்ற சத்துகளிலிருந்து பிறக்கும் மெத்தனால் மிகச் சொற்பம். ஊறல் சாராயத்துக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தருவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம்; அது வேறு விதமாக மனிதனை அழிக்கிறது. நான் சொல்லவருவதெல்லாம், ஒரே இரவில் பலரைக் கண்ணிழக்கச் செய்து மாய்க்கிற சாராயம் தொழிற்சாலையின் பீப்பாயிலிருந்து புறப்பட்டு வருகிறது என்பதைத்தான். 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக 20-க்கும் மேற்பட்டோர் மாண்டபோதும், குடித்தது தொழிற்சாலை மெத்தனால் என்றே காவல் துறை அறிவித்தது.

இனி, அது சரீரத்தினுள் செய்கிற யாத்திரையைப் பார்ப்போம். வயிற்றிலும் சிறுகுடலிலும் அது வெகு விரைவில் ரத்தத்தில் கலந்து, உடலில் நீர் எங்கெங்கே உண்டோ அங்கெல்லாம் பரவிவிடுகிறது. சிறிது மூச்சோடும் சிறிது சிறுநீரோடும் வெளியேறும். மிகுந்தது ஈரலுக்குப் போகும். அங்கே ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்ற, நடுவில் துத்தநாகத்தை வைத்துக்கொண்டிருக்கும் நொதி, எத்தனாலையும் மெத்தனாலையும் பேதம் பாராமல் ஏற்று, அவற்றிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்தெடுக்கிறது. அப்படிப் பறித்தால் எத்தனால் அசிட்டால்டிஹைடாகி, பின்பு அசிட்டிக் அமிலமாகி, கடைசியில் உடம்புக்கு எரிபொருளாகவே பயன்பட்டுப் போகிறது. மெத்தனாலோ ஃபார்மால்டிஹைடாகிறது. மருத்துவக் கல்லூரியில் பிரேதங்கள் கெட்டுப்போகாமலிருக்க ஊற்றிவைக்கும் ஃபார்மலின் என்பது இந்த ஃபார்மால்டிஹைடை நீரில் கரைத்ததுதான். இதைக் கேட்டவுடன் பலரும், கொல்வது இதுவே என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் அது ரத்தத்தில் ஓரிரு நிமிஷங்களுக்கு மேல் நிலைப்பதில்லை. குளூட்டாதயோன் என்னும் பொருளின் துணையோடு வேறொரு நொதி அதை மிக வேகமாக ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. நம் கதையின் நாயகன் என்று சொல்லத் தகாதெனினும், முக்கிய பாத்திரம் இந்த ஃபார்மிக் அமிலம்தான். மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடுகட்டி வாழும் முசுறு எறும்பு, மாங்காய் பறிக்க ஏறியவனைக் கடித்துப் பீய்ச்சுகிறதே, அந்த எரிச்சல் நீரில் இருப்பதும் இதுவே.

இதிலே ஒரு விசித்திரம். ஃபார்மிக் அமிலம் உடம்புக்கு முற்றிலும் அந்நியமான வஸ்து அன்று. நம் செல்கள் தங்கள் மரபுப் பொருளை ஆக்குவதற்கு வேண்டிய பியூரின்களைக் கட்டும்போது, ஒற்றைக் கரி அணுவைச் சேர்க்கவேண்டிய இடங்களில் அதன் மின்னேற்ற உருவமான ஃபார்மேட்டையே எடுத்துப் பயன்படுத்துகின்றன. பழச்சாறு குடித்தாலும் இம்மியளவு மெத்தனால் உள்ளே போகத்தான் செய்கிறது. அதிலிருந்து பிறக்கும் ஃபார்மேட்டை ஈரல் சிரமமின்றிக் கரியமில வாயுவாக்கி மூச்சோடு அனுப்பிவிடுகிறது. அந்த வேலைக்குத் துணைநிற்பது, கீரைகளில் நிறைந்திருக்கிற ஃபோலிக் அமிலத்திலிருந்து உடல் ஆக்கிக்கொள்ளும் டெட்ராஹைட்ரோஃபோலேட் என்ற பொருள். இந்தப் பொருள் எலியின் ஈரலில் தாராளமாக இருக்கிறது. மனிதனுடைய ஈரலிலும் குரங்கினுடைய ஈரலிலும் குறைவாக இருக்கிறது. எலிக்கும் மனிதனுக்கும் உள்ள இந்த ஒரு வித்தியாசம் விஞ்ஞானிகளை வெகு காலம் ஏமாற்றியது. எலிக்கும் நாய்க்கும் மெத்தனாலைக் கொடுத்துப் பார்த்தவர்கள், அவை மயங்கினவேயன்றி மனிதனைப்போலக் கண்ணிழக்காததைக் கண்டு, குற்றம் மெத்தனாலுடையது அன்று, அதில் கலந்துள்ள ஏதோ அழுக்கினுடையது என்றுகூட வாதித்தார்கள். 1904-ஆம் ஆண்டிலேயே கேசி வுட், ஃபிராங்க் புல்லர் என்ற இரு கண் மருத்துவர்கள், மரச்சாராயத்தால் கண்ணிழந்தோரையும் உயிரிழந்தோரையும் திரட்டி எழுதி அமெரிக்க மருத்துவ உலகத்தை எச்சரித்திருந்தார்கள்; என்றாலும் காரணம் தெளிவாக எழுபது ஆண்டுகள் பிடித்தன. ஃபோலேட் குறைந்த உணவை ஊட்டி வளர்த்த எலிகள் மெத்தனாலுக்கு மனிதனைப்போலவே இலக்காயின. அயோவா பல்கலைக்கழகத்தார் 1970-களில் குரங்குகளுக்கு, ரத்தம் புளிக்காதபடி பார்த்துக்கொண்டு, வெறும் ஃபார்மேட்டை மட்டும் செலுத்தியபோது அவற்றின் பார்வை நரம்பு வீங்கிற்று. குற்றவாளி யார் என்பது அத்தோடு தீர்ந்தது. அன்றாடம் குடிப்பவனுடைய உடம்பில் ஃபோலேட் சேமிப்பு குறைந்துபோகிறது என்பது மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம். கூலியில் பாதியைச் சாராயத்துக்கும் மீதியை அரிசிக்கும் கொடுத்துவிட்டுக் கீரையைக் காணாதிருப்பவனிடம் அது இன்னும் குறைந்திருக்கும் என்று ஊகிப்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

தேங்கிப்போன ஃபார்மேட் எங்கே போய்த் தாக்குகிறது? நம்முடைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகள், நாம் உண்டதையும் மூச்சில் இழுத்த பிராணவாயுவையும் சேர்த்துச் சக்தியாக்கித் தருகின்றன. அந்த வேலையின் கடைசிப் படியில், பிராணவாயுவை நீராக மாற்றி முடிப்பது சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி. சயனைடு தாக்குவதும் இதே நொதியைத்தான். சயனைடு நிமிஷங்களில் செய்வதை ஃபார்மேட் மந்தமாக, ஆனால் விடாப்பிடியாகச் செய்கிறது. ரத்தத்தில் பிராணவாயு நிறைந்திருக்கும்; விரலில் மாட்டும் கருவி 98 என்று காட்டும்; செல்களோ அதை எடுத்து ஆளும் சக்தியற்று மூச்சுமுட்டும். மூச்சுமுட்டிய செல்கள் பிராணவாயு இல்லாமலே பிழைக்கும் மாற்று வழியில் இறங்கி லாக்டிக் அமிலத்தைக் கக்க, ஏற்கெனவே அமிலமேறிய ரத்தம் மேலும் புளிக்கிறது. ரத்தம் புளிக்கப் புளிக்க, ஃபார்மிக் அமிலம் மின்னேற்றம் இழந்த உருவத்தை அதிகமாக எடுக்கிறது. அந்த உருவத்தில்தான் அது செல்லின் சவ்வுகளை எளிதில் ஊடுருவி, மூளைக்குள்ளும் நரம்புக்குள்ளும் நுழையும். விஷம் அமிலத்தை வளர்க்க, அமிலம் விஷத்தை உள்ளே அழைத்துப் போக, இந்தச் சுற்று ஒரு கட்டத்துக்குப்பின் தானே தன்னை நடத்திக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது. 7.4 என்ற அளவில் நிற்கவேண்டிய ரத்தத்தின் பி.ஹெச். 7.0-க்குக் கீழே இறங்கிய நிலையில் மருத்துவமனைக்கு வந்துசேருபவர்களில் பிழைப்பவர்கள் சிலரே.

படுக்கையில் கிடக்கும் அப்படிப்பட்ட நோயாளியைக் கண்டவர்கள் அவனுடைய மூச்சை மறக்கமாட்டார்கள். ஓடி வந்தவன் இரைப்பதுபோல் இராது. ஆழ்ந்த, நீண்ட, ஒரே சீரான மூச்சாக, வயிறு முதுகோடு ஒட்டி ஒட்டி எழும். ரத்தத்திலுள்ள அமிலத்தை ஈடுகட்டக் கரியமில வாயுவை எவ்வளவு முடியுமோ அவ்வளவு வெளியே தள்ளிவிட, உடம்பு நடத்துகிற கடைசிப் போராட்டம் அது. விழியில் டார்ச் வெளிச்சம் பட்டாலும் கண்மணி சுருங்காமல் அகன்றபடியே நிற்கும். நினைவிருப்பவனானால் கண் தெரியவில்லை என்பான். பனிப்பொழிவுக்குள் நிற்பதுபோல் எல்லாம் வெளுத்துத் தெரிவதாக மேனாட்டுப் பாடநூல்கள் வருணிக்கும். பனியைக் கண்டறியாத நம் ஊர்க்காரன், 'புகையாத் தெரியுது சாமி' என்பான். ஓய்வென்பதே இல்லாமல் சக்தியைச் செலவிட்டுக்கொண்டிருக்கும் விழித்திரையும் பார்வை நரம்பின் முகப்பும், மூளையின் அடிப்பகுதியில் உள்ள புட்டாமென் என்ற கருவும்தான் இந்தப் பஞ்சத்தில் முதலில் சாகின்றன. அதனால்தான் உயிர் பிழைத்தவர்களிலும் சிலர் குருடராகிறார்கள், சிலருக்குக் கைகால் விறைத்துப் பார்க்கின்சன் வியாதியைப் போன்ற நடுக்கம் நிலைத்துவிடுகிறது.

இத்தனையும் நடப்பதற்குப் பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் ஆகிறது. கூடவே மதுக்கடைச் சரக்கும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். தாமதத்தைக் கண்டு, தனக்கு ஒன்றுமில்லை என்று அவன் நம்பிவிடுவான். இந்தத் தாமதத்திலேதான் பரிகாரத்தின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கல்யாணப் பந்தியில் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்கள் எழுந்தாலன்றிப் பின்னால் வந்தவர்களுக்கு இலை கிடைக்காதல்லவா? ஈரலின் நொதியும் அப்படியே. அதற்கு எத்தனாலின் மீதுள்ள ஈர்ப்பு மெத்தனாலின் மீதுள்ளதைப்போல் பத்து மடங்குக்கும் அதிகம். ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற அளவில் எத்தனாலை நிறுத்தி வைத்தால், மெத்தனாலுக்கு நொதியில் இடம் கிடைப்பது அநேகமாக நின்றுபோகிறது. மாற்றமடையாத மெத்தனால், யாருக்கும் பெருந்தீங்கு செய்யாமல், மூச்சோடும் சிறுநீரோடும் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. இரண்டாம் உலகயுத்த காலத்தில் நார்வேயில் ஓலுஃப் ரோ என்ற மருத்துவர், மெத்தனாலோடு எத்தனாலும் குடித்தவர்கள் தப்பிப் பிழைப்பதையும், காரமூட்டி அமிலத்தை முறித்தால் மங்கிய பார்வை மீள்வதையும் கூர்ந்து கவனித்து எழுதினார். சிகிச்சையின் இரண்டு தூண்களும் அன்றே நாட்டப்பட்டுவிட்டன எனலாம்.

அளவைச் சொன்னால் வாசகர் வியப்படைவார். 60 கிலோ எடையுள்ள ஒருவனுக்கு முதல் தவணையாக வேண்டியது சுமார் 42 கிராம் எத்தனால், நூற்றுக்கு 42.8 வீதமுள்ள பிராந்தியாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 125 மில்லி, அதாவது ஒரு குவாட்டர் புட்டிக்கும் குறைவு. அதன்பின் மணிக்கு மணி சிறு அளவு, ரத்தத்தில் உள்ள நிலையையும் சர்க்கரையையும் பார்த்துப் பார்த்து. மருத்துவர் கண்காணிப்பில்லாமல் வீட்டில் செய்துகொள்ளத்தக்க வைத்தியமன்று இது. நினைவு தப்பியவனுக்கு வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிச் சாவான். ஆயினும் தெருவுக்குத் தெரு அரசே கடை வைத்து விற்கிற ஒரு திரவம், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து அலமாரியில் மாத்திரம் இல்லை என்பது எனக்குப் பரிகாசமாகவே படுகிறது.

எத்தனாலைவிடச் செம்மையான மருந்து ஃபோமிபிஸோல். அதே நொதியை அது இறுகப் பிடித்துக்கொள்ளும், போதை தராது, 12 மணிக்கொரு முறை ஊசியாகப் போட்டால் போதும். 2013-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. விலை அதிகம், நம் மருத்துவமனைகளில் கிடைப்பதும் அரிது. கள்ளக்குறிச்சிச் சம்பவத்தின்போது இந்தப் பெயரும், வயிற்றுப் புண்ணுக்குத் தரும் ஒமிப்ரஸோல் என்ற மாத்திரையின் பெயரும் ஒன்றோடொன்று குழம்பி, கையிருப்பு உண்டா இல்லையா என்று பெரியோர்கள் அறிக்கைப் போர் நடத்தியதைக் கண்டவர்களுக்கு, இந்த விஷத்தைப் பற்றிய பொது அறிவு நம் நாட்டில் எந்த நிலையில் உள்ளதென்று வேறு சான்று வேண்டியதில்லை. மற்ற மருந்துகளோ மிகச் சாதாரணம்: அமிலத்தை முறிக்கச் சோடியம் பைகார்பனேட், ஃபார்மேட்டை எரிக்கும் வேகத்தைக் கூட்ட ஃபோலினிக் அமிலம், அது இல்லாவிட்டால் ஃபோலிக் அமிலம். முற்றிய நிலையில் மெத்தனாலையும் ஃபார்மேட்டையும் ரத்தத்திலிருந்து நேரே களைய டயாலிசிஸ்; இந்த ஒன்றுதான் பெரிய மருத்துவமனையைக் கேட்கிறது.

ஆகவே நான் முன்வைக்கும் யோசனை ஒன்றே: விஷச்சாராயம் என்ற சந்தேகம் எழுந்த கணத்திலேயே சிகிச்சை தொடங்கவேண்டும், அறிவிப்பும் அப்போதே வெளியாகவேண்டும், ஆய்வுக்கூடத்தின் சான்றிதழுக்காக ஒரு மணி நேரமும் காத்திருக்கலாகாது. ஒரே தெருவிலிருந்து இரண்டு மூன்று பேர், முந்தின நாள் குடித்தவர்கள், வாந்தியோடும் மங்கிய பார்வையோடும் ஆழ்ந்த மூச்சோடும் வந்தார்களானால், அதற்குமேல் எந்த மருத்துவருக்கு எந்தச் சான்று வேண்டும்? பொய்யான எச்சரிக்கையால் நேரும் நஷ்டம், சிலர் வீணாகப் பைகார்பனேட் ஏற்றிக்கொண்டதும் அதிகாரி ஒருவர் சங்கடப்பட்டதும். தாமதமான எச்சரிக்கையால் நேரும் நஷ்டத்தைக் கருணாபுரத்தில் எண்ணிப் பார்த்தாயிற்று. 2012-ஆம் ஆண்டில் செக் நாட்டில் மெத்தனால் கலந்த மது பரவிப் பலர் இறந்தபோது, அந்த அரசு நாடு முழுவதும் 20 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவகைகளின் விற்பனையை ஒரே நாளில் நிறுத்தியது. சந்தேகத்துக்கிடமான நோயாளிகளில் பலருக்கு, நினைவிருக்கும்போதே, ஆம்புலன்ஸ் பணியாளர்கள் மருத்துவமனை சேருமுன்னரே எத்தனாலைக் குடிக்கக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுக்கப்பட்டவர்களில் பிழைத்தவர்களும் பார்வை தப்பியவர்களும் அதிகம் என்று அங்குள்ள மருத்துவர்கள் பின்னர் ஆராய்ந்து எழுதினார்கள். நம்முடைய 108 வண்டியில் அதற்கு அனுமதியில்லை. அனுமதி தருவதற்குச் சட்டசபை கூட வேண்டாம், ஒரு சிகிச்சை நெறிமுறை போதும்.

எல்லாவற்றிலும் கடினமானது, குடித்தவனை வீட்டை விட்டு வெளியே வரவழைப்பது. தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டிருப்பவனைத்தான் நாம் அழைக்கவேண்டியிருக்கிறது. அவனோ போலீசுக்கு அஞ்சியே வாய் திறக்கமாட்டான். முதற் சாவு நேர்ந்த அன்றே ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, இன்ன நாள் இன்ன இடத்தில் வாங்கிக் குடித்தவர்கள், உடம்பு நன்றாயிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், உங்கள்மேல் வழக்குக் கிடையாது என்று தெருத்தெருவாகச் சொல்லிப் போகவேண்டும். துக்க வீட்டு வாசலில் அந்த ஆட்டோ நின்றிருந்தால் என்ற நினைப்பு வராமல் கள்ளக்குறிச்சிச் செய்திகளை என்னால் படிக்க முடியவில்லை.

சட்டத்தில் நமக்குக் குறைவில்லை. மெத்தில் ஆல்கஹாலையும் வார்னிஷையும் கட்டுப்படுத்தும் விதிகள் 1959-ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் இருக்கின்றன. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தை 2024-இல் திருத்தி, சாவுக்குக் காரணமான சாராய வியாபாரிக்கு ஆயுள் தண்டனைவரை விதிக்கவும் வழி செய்தாயிற்று. மதுவிலக்கே மருந்து என்பாரும், மதுக்கடையே மருந்து என்பாரும் இதில் தத்தம் கட்சியைச் சாதிக்க முயல்கிறார்கள். மதுவிலக்கு நிலவும் குஜராத்தில் 2009-இல் ஆமதாபாத்திலும் 2022-இல் போட்டாட் மாவட்டத்திலும், மதுக்கடைகள் நிறைந்த தமிழ்நாட்டில் மரக்காணத்திலும் கள்ளக்குறிச்சியிலும், ஒரே திரவம் ஒரே விதமாகத்தான் கொன்றது. பீப்பாய் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும் இடத்தில் கணக்குப் பார்க்கும் அதிகாரி விழித்திருந்தால் பாதி விஷயம் முடிந்தது. அவர் உறங்கும் நாட்களுக்காகத்தான் மருந்து அலமாரியைப் பற்றி இவ்வளவு எழுத நேர்ந்தது.

இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வீதம் கள்ளக்குறிச்சியில் அரசு வழங்கியது. ஆறரைக் கோடிக்கு மேற்பட்ட அந்தத் தொகையைக் குறைகூற எனக்கு மனமில்லை. வறிய வீடுகள் அவை. சிகிச்சையில் இருந்தவர்களுக்கு ஐம்பதாயிரம் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் இந்த விஷத்திலிருந்து பிழைத்தவனுடைய கண், மருத்துவமனையை விட்டு அனுப்பிய அன்று எப்படியிருந்ததோ அப்படியே இருந்துவிடுவதில்லை; சிலருக்கு முதல் சில வாரங்களில் பார்வை தேறும், பின்பு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நரம்பிழைகள் மெலிந்துகொண்டே போய் மறுபடி மங்கும். செக் நாட்டு மருத்துவர்கள் 2012-இல் பிழைத்தவர்களைத் திரும்பத் திரும்ப அழைத்து, விழித்திரை நரம்பின் தடிமனைக் கருவிகொண்டு அளந்து, இந்தத் தேய்வை ஆண்டு ஆண்டாகப் பதிவு செய்தார்கள். கருணாபுரத்தில் பிழைத்தவர்களின் பெயர்ப்பட்டியல், உதவித்தொகை வழங்கிய காரணத்தால், ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. அந்தக் கருவி பெரிய கண் மருத்துவமனைகளில் சாதாரணமாக இருக்கிறது. அவர்களை ஆண்டுக்கொரு முறை பேருந்து வைத்து அழைத்துப்போய்ப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, ஓர் அரசு விழாப் பந்தலின் செலவுக்குக் காணாது.